தெலீதம்மா

எங்கள் கோர்ட் வளாகத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் அவர் தெலீதம்மா. தெலுங்கில் தெலீது என்றால் தெரியாது. ஒரு வக்கீலுக்கு இதைவிட மோசமான பட்டப்பெயரை எதிர்க்கட்சிக்காரன்கூட வைக்க மாட்டான்.

அந்தப் பெயர் பிறந்த அன்று நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த நீதிபதி ஒரு ஜாமீன் மனுவைப் புரட்டிக்கொண்டே, "இந்த விஷயத்தில் ஹைகோர்ட் தீர்ப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இதற்குச் சித்தூரில் வழிவழியாக ஒரு பதில் இருக்கிறது. "நிறைய உண்டு சார், மதியம் தாக்கல் செய்கிறேன்." மதியத்துக்குள் நீதிபதி மறந்துவிடுவார், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் இவர் எழுந்து நின்று, "நாக்கு தெலீது சார்" என்றார். எனக்குத் தெரியாது சார். அதோடு உட்கார்ந்தும் விட்டார்.

ஹால் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட நான் அதிகமாகச் சிரித்தேன். அந்தத் தீர்ப்பு எது என்று எனக்கும் தெரியாது என்பதால் சத்தம் கொஞ்சம் தூக்கலாக வந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நகரி பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்து, சித்தூரில் கறுப்புக் கோட்டு மாட்டியவன். 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. வழி கேட்கிறவர்களிடம்கூட வராது. கலெக்டர் ஆபீஸ் தேடி வந்த ஒரு பெரியவரை, தெரிந்தவன் மாதிரி கையை நீட்டி மாங்காய் மண்டிக்கு அனுப்பி வைத்தவன் நான். ஒருமுறை தப்பான கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போய்விட்டேன். என் கையில் இருந்தது மாடு திருடிய வழக்கு. கூண்டில் நின்றவர் கிணற்று மோட்டார் திருட்டு வழக்கின் சாட்சி. "அது என்ன நிறம்?" என்று அதட்டினேன். "பச்சை சார்" என்றார். "பச்சை நிறத்தில் மாடு உண்டா?" என்று நான் வெற்றியோடு நீதிபதியைப் பார்த்தேன். அந்த வழக்கை நான் ஜெயித்தேன் என்பதுதான் இதில் வெட்கக்கேடு. சாட்சி குழம்பிப்போய் மோட்டாரின் நிறத்தை மாற்றி மாற்றிச் சொன்னார்.

ஆகவே எனக்குப் பெயர் இருந்தது. 'நூத்துக்கு நூறு' என்பார்கள். ஜெயிக்குமா என்று யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது.

மாம்பழக் கூழ் ஃபாக்டரி வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், நில வழக்குக்காக முதலில் தெலீதம்மாவிடம் போனார். "ஜெயிச்சிடுவோமா மா?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாதுங்க" என்றாராம் இவர். பெரிய மனிதர் போட்டிருந்த செருப்பைக் கழற்றவே இல்லை, அப்படியே திரும்பி என்னிடம் வந்தார். நூத்துக்கு நூறு என்றேன். தோற்றோம். அவர் இரண்டு மைத்துனர்களோடு என்னைத் தேடி வந்தபோது நான் ஜெராக்ஸ் கடையில் மிஷினுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். தெலீதம்மா கடைக்கு வெளியே நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பையில் எப்போதும் வேர்க்கடலை இருக்கும்.

"ஏம்மா, அந்த வக்கீல் எங்க போனாரு?" என்று பெரிய மனிதர் அவரிடம் கேட்டார்.

எனக்கு உயிர் போனது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் 'தெரியாது' என்று சொன்னால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு என் பக்கம் கையை நீட்டி, "துன்னு நைனா, பயத்துல வாய் காஞ்சிருக்கும்" என்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அது அப்பாவுக்கும் பொருந்தும், தம்பிக்கும் பொருந்தும், ஒன்றுக்கும் உதவாதவனைச் செல்லமாகக் கூப்பிடவும் பொருந்தும்.

அவர் கணவர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். நல்ல மனிதர். "பொண்ணு பார்க்கப் போனப்பவே கேட்டேன் சார், என்னைப் புட்ச்சிருக்கான்னு. தெரியாதுன்னு சொல்லிச்சு. மூத்த பையன் காலேஜ் சேர்ந்தப்ப மறுபடி கேட்டேன். இப்போ கொஞ்சம் கொஞ்சமா தெரியுதுன்னு சொல்லிச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாரே தவிர, அந்த இரண்டாவது பதிலில் அவருக்கு இருந்த பெருமை முகத்திலேயே தெரியும். பொய்யாகச் சொல்ல மாட்டார் என்று தெரிந்தவரிடமிருந்து வந்த பதில் அல்லவா.

ஆனால் கோர்ட்டில் இந்தக் குணம் செல்லமாக இருக்கவில்லை. நாங்கள் இருவருமே இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருந்தோம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கம் எங்களை வைக்கும். சித்தூரும் திருப்பதியும் ஒரே ஜில்லாவாக இருந்த நாளிலிருந்தே இரண்டு ஊர்க் கோர்ட்டுகளுக்கும் எங்களைத்தான் அனுப்புவார்கள். பாதி வாழ்க்கை திருப்பதி பஸ்ஸில் போனது. கேஸ் கட்டு காலையில் கைக்கு வரும், விசாரணையும் அன்றைக்கே இருக்கும். கட்சிக்காரரை ஜெயிலில் போய்ப் பார்க்க ஏற்பாடு கிடையாது. வராந்தாவில், போலீஸ்காரர் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் காதில் விழுகிற தூரத்தில் நாலு வார்த்தை பேசலாம். அரசாங்க வக்கீலுக்கு ஓடிப்போய் விசாரித்துவர ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருந்தது. எங்களுக்கு எங்கள் கால்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்றால் தெலுங்கில் நடக்கிற விசாரணை அவர்களுக்கு ஒன்றும் புரியாது. மொழிபெயர்க்க ஆள் இல்லை.

நாங்கள் எல்லோரும் இதற்குப் பழகிப்போனோம். கட்டின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டே நடந்து, கூண்டை அடைவதற்குள் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடுவதை ஒரு கலை என்று நான் ஜூனியர்களிடம் பீற்றிக்கொண்டதுண்டு.

தெலீதம்மா பழகவில்லை. எழுந்து நின்று, "சார், இந்த ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். கட்டு படிக்கல. இவர் என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியாது. அதை எழுதிக்கங்க" என்பார்.

"அப்படியானால் நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள்?" என்று நீதிபதி ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"அதைத்தான் சார் நானும் கேட்டுக்கினு இருக்கேன்" என்றார் இவர்.

வாய்தா போடுவார்கள். சில நேரம் போட மாட்டார்கள். அவர் சொன்னதை நீதிமன்றக் குறிப்பில் எழுதாமல் விட்டால், எழுதும்வரை நின்றுகொண்டே இருப்பார். மேலிடத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். சீனியர்கள் சொன்னார்கள். வழக்குகள் தேங்குகின்றன, உங்களால்தான் தேங்குகின்றன, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று எல்லா வாய்களும் சொல்லிச் சொல்லி, ஒரே ஒரு நாள் அவர் அனுசரித்துப் போனார்.

அன்று கூண்டில் நின்றவள் மங்கா.

மங்கா திருத்தணி பக்கத்துப் பெண். திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. அந்த லாட்ஜில் தங்கிய ஒரு வயதான அம்மாளுக்கு யாரோ குளிர்பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'தமிழ் பேசுகிற பெண்' என்பது மட்டும்தான் அந்த அம்மாளுக்கு நினைவிருந்தது. திருப்பதியில் தமிழ் பேசுகிற பெண்களைக் கைது செய்ய ஆரம்பித்தால் ஜெயில் தாங்காது. ஆனால் ஜீவகோனாவில் மங்கா குடியிருந்த அறையிலிருந்து சங்கிலியை எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. வழக்கு முழுவதும் அந்த ஒரு ஆணியில்தான் தொங்கியது.

தெலீதம்மாவுக்குக் கட்டு அன்று காலையில்தான் வந்தது. வராந்தாவில் மங்காவிடம், "நீ எடுத்தியாமா?" என்று கேட்டார். "இல்லக்கா" என்றாள். பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். நீதிபதி முன்னெச்சரிக்கையாக, "இன்றைக்குத் தெலீது வேண்டாம் மேடம்" என்றார். ஹால் சிரித்தது. இவரும் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து, போலீஸ்காரரைக் குறுக்கு விசாரணை செய்தார். "சங்கிலியை நீங்களே வைத்துவிட்டு எடுத்தீர்களா?" "இல்லை." உட்கார்ந்துவிட்டார். நான் செய்வதும் அதேதான். நானாக இருந்தால் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருப்பேன்.

ஏழு வருஷம் தீர்ப்பானது.

தீர்ப்பு நாளில் வேறொரு வேலையாக நானும் திருப்பதிக் கோர்ட்டில் இருந்தேன். மங்காவைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, "அக்கா, ஓனரம்மா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. என் துணிமணி எல்லாம் கட்டி ஓரமா வெச்சிடட்டும்" என்றாள்.

"ஜீவகோனா ஓனரம்மாதானே?"

"அது இல்லக்கா. அந்த வூட்ட காலி பண்ணிட்டுத்தான் திருச்சானூர் வந்துட்டேனே. இந்த ஓனரம்மா."

தெலீதம்மாவின் கை வேன் கதவைப் பிடித்துக்கொண்டது. "எப்போ காலி பண்ண?"

"போலீஸ் புட்சிக்கினு போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே."

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். அவங்க தெலுங்குல இன்னாவோ எழுதிக்கினாங்க."

"என் கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலயே கா" என்றாள் மங்கா. குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். வேன் கதவைச் சாத்தினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறுதல் சொல்வதில் எனக்கு நிகர் கிடையாது. "சிஸ்டம் அப்படி அக்கா. நீங்க இன்னா பண்ணுவீங்க? டைம் குடுத்தாங்களா? ஆள் குடுத்தாங்களா?" காணிப்பாக்கம் திருப்பம் வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "எங்க குடியிருந்தன்னு கேக்கறதுக்கு எவ்ளோ டைம் வோணும் நைனா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து என் ஆபீசுக்கு வந்தார். மங்காவுக்காக ஹைகோர்ட்டில் அப்பீல் போட வேண்டும், நான்தான் வாதாட வேண்டும் என்றார்.

"நீங்களே போடலாமே அக்கா?"

"நான் எப்படிப் போட முடியும்? விசாரணையில வக்கீல் சரியில்லைங்கறதுதான் அப்பீலே. அந்த வக்கீல் நான்."

எனக்குப் புரிய நேரமானது.

"எத்தனை வருஷமா கேன்டீன்ல உக்காந்துக்கினு நான் உதவாக்கரைன்னு பேசிக்கினு இருக்க? அதையே ஜட்ஜ் முன்னாடி எழுந்து நின்னு சொல்லு. உன்னவிட நல்லா யார் சொல்லுவாங்க?"

நான் கேன்டீனில் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மறுக்க வாயைத் திறந்தேன். அவர் வேர்க்கடலையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அவர் கையெழுத்துப் போட வேண்டிய பிரமாணப் பத்திரத்தை நான்தான் எழுதினேன். 'காலப் பற்றாக்குறையினால் கவனக்குறைவாக விடுபட்டுவிட்டது' என்று நயமாக எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். "விடுபடல நைனா. வெச்சிருந்து நழுவ வுட்டாத்தான் விடுபட்டதுன்னு பேரு. நான் கேக்கவே இல்ல. கேக்கலன்னு எழுது. கட்டைப் படிக்காமலே நின்னேன்னு எழுது. படிக்கலன்னு சொல்லாம நின்னேன்னும் எழுது." அதோடு, எல்லா இலவச வக்கீல்களும் இதே நிலையில்தான் வேலை செய்கிறார்கள், அதை மாற்ற உத்தரவிட வேண்டும் என்று இன்னொரு பகுதியும் சேர்க்கச் சொன்னார்.

அந்தப் பகுதிதான் குளவிக்கூட்டைக் கலைத்தது. ஒரு பெண் வக்கீல் தன்னைத் தானே உதவாக்கரை என்று சொல்லிக்கொண்டால் எங்கள் வக்கீல் சங்கத்தில் யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது. சந்தோஷமாகவே வழிமொழிந்திருப்பார்கள். இது எல்லோரையும் சேர்த்துச் சொன்னது. கூட்டம் கூட்டினார்கள். ஒரு சீனியர் எழுந்து, "நம்ம வூட்டு அழுக்குத்துணியை நம்ம வூட்லயே தோச்சிக்கணும் மா" என்றார்.

"தோச்சிக்கலாம் சார். வூட்ல தண்ணி வரலியே" என்றார் தெலீதம்மா.

யாரும் சிரிக்கவில்லை. பார் கவுன்சிலுக்கு எழுதுவோம், உங்கள் சன்னத்தே, வக்கீல் தொழில் செய்கிற உரிமமே, போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அந்த அப்பீலின் வக்கீல் நான். எழுந்து ஏதாவது பேசியிருக்க வேண்டியவன். கேன்டீனில் டீ ஆறிவிடும் என்ற கவலையில் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "பயமா இல்லியா அக்கா?" என்று கேட்டேன்.

"பயம்தான். சன்னத்து போய்ட்டா வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரியல." அதுவரை அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹைகோர்ட்டில் எங்கள் வழக்கு வந்த அன்று நான் புது ஷூ போட்டுப் போயிருந்தேன். அது கடித்ததில் வாதத்தின் முதல் பாதி மிக உருக்கமாக அமைந்தது. நீதிபதி வயதானவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்து, சட்டென்று பேனாவை மூடினார்.

"இந்தப் பெண் எங்கே குடியிருந்தாள் என்று வக்கீல் கேட்கவில்லை என்பதுதான் உங்கள் குறை. நீங்களும் அதே பட்டியலில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. அந்த வழக்கு உங்கள் கைக்கு வந்திருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்களா?"

பழக்கம் என்பது பொல்லாதது. "நூற்றுக்கு நூறு, மை லார்ட்" என்றேன்.

"அபத்தம்" என்று பின்வரிசையிலிருந்து தெலுங்கில் ஒரு குரல் வந்தது. பொய் என்று அர்த்தம்.

"யார் அது?" என்றார் நீதிபதி.

என் வாய்க்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "அவர்தான் மை லார்ட், அந்தத் திறமையற்ற வக்கீல்."

நீதிபதி அவரை முன்னால் வரச் சொன்னார். தெலீதம்மா வந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு, தெலுங்கில் பேசினார். நான் இங்கே தமிழில் தருகிறேன்.

"இவர் கேட்டிருக்க மாட்டார் சார். கெட்டவர் இல்லை. யாருமே கேட்டிருக்க மாட்டோம். கட்டு காலையில் வருகிறது. அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். அந்த வீட்டைப் போய்ப் பார்க்க எனக்கு ஆள் இல்லை. அவளுக்குத் தெலுங்கு தெரியாது, அவள் பக்கத்தில் நின்று சொல்ல யாரும் இல்லை. இதையெல்லாம் நீங்கள் மாற்ற வேண்டும்."

"அப்படியானால் இது உங்கள் தவறு இல்லை, ஏற்பாட்டின் தவறு. அப்படித்தானே?" என்றார் நீதிபதி. அவரைக் காப்பாற்றத்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நுழைந்து வெளியே போக வேண்டியதுதான். நானாக இருந்தால் ஓடியே போயிருப்பேன்.

"இல்லை சார். ஏற்பாடு கெட்டது. நானும் கெடுத்தேன். ரெண்டையும் எழுதுங்கள். ஏற்பாடு மேல் மட்டும் பழியைப் போட்டால் எனக்கு நிம்மதி. ஏற்பாட்டைத் திருத்த உத்தரவு போடுவீர்கள், கைதட்டுவார்கள், அந்தப் பொண்ணு உள்ளேயே இருப்பாள். என் தப்பை எழுதினால்தான் அவளுக்கு மறு விசாரணை கிடைக்கும்."

அவர் உட்காரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. எழுதும்வரை நிற்கிற அந்த நிற்பு எனக்குத் தெரியும். நீதிபதி பேனாவைத் திறந்தார்.

இரண்டையும் எழுதினார். மங்காவின் தண்டனை ரத்தாகி, மறு விசாரணைக்கு உத்தரவானது. எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் இலவச வக்கீலுக்குக் கட்டை முன்கூட்டியே தர வேண்டும், கட்சிக்காரரை ஜெயிலில் தனியாகப் பார்க்க விட வேண்டும், விசாரித்துவர ஒரு ஆளைத் தர வேண்டும், தமிழ் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. கூடவே, தன் கடமையில் தவறியதாகத் தானே ஒப்புக்கொண்ட வக்கீலைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று ஒரு வரி. சன்னத்து போகவில்லை. பட்டியல் போனது.

"இது அநியாயம் அக்கா" என்றேன்.

"உத்தரவு சரியாத்தான் கீது" என்றார். ஆனால் ஊர் வந்து சேரும்வரை ரயிலில் கோட்டுப் பை வேர்க்கடலையைத் தொடவே இல்லை.

அந்த உத்தரவுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். கட்சிக்காரரோடு பேச ஒரு அறை ஒதுக்கினார்கள். பழைய நாற்காலிகளை முதலில் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க ஒருவர் வருகிறார், சில நாள் வருவதில்லை. கட்டு முன்கூட்டியே வந்துவிடுகிறது. அதைப் பிரிக்காமலே கோர்ட்டுக்கு எடுத்துப் போகிற வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும், காலையில் சவரம் செய்யும்போது பார்ப்பேன். ஆனாலும் இப்போதெல்லாம் கூண்டுக்கு எதிரே ஒரு வக்கீல் எழுந்து, "இவரோடு பேச இன்னும் நேரம் கிடைக்கவில்லை" என்றால் ஹாலில் யாரும் சிரிப்பதில்லை. நீதிபதி வாய்தா போட்டுவிடுகிறார்.

தெலீதம்மாவைப் பார்த்துச் சில வருஷங்கள் ஆகின்றன. கணவருக்கு ராமகுப்பம் பக்கம் மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார். பக்கத்திலிருக்கிற குப்பம் ஊர்க் கோர்ட்டில் இருக்கிறாராம். பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்களின் சண்டைகளெல்லாம் அவரிடம்தான் போகின்றனவாம். அங்கேயும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று கேள்வி. என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் ஊர் மாறிப் போவதற்கு முன்பே மங்காவின் மறு விசாரணையை நான் நடத்தினேன். ஜெயிலில் அவளோடு தனியாக உட்கார்ந்து, முதல்முறையாக ஒரு கட்சிக்காரர் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். திருச்சானூர் வீட்டுக்கு நானே நடந்து போனேன். அந்தத் தெரு நாய் என் புது ஷூவை மதிக்கவில்லை. ஓனரம்மா கோர்ட்டுக்கு வந்து, மங்கா எப்போது குடிவந்தாள் என்று சொன்னார். போலீஸ்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. ஜீவகோனா அறையில் சங்கிலியை வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மங்கா விடுதலையானாள்.

அவள் வெளியே வருகிற அன்று தெலீதம்மா ஜெயில் வாசலுக்கு வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நான் மாலை வாங்கி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு, உனக்கா?" என்று கேட்டதும் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மங்கா கேட்டைத் தாண்டி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. தலைமுடி குறைந்து, முகம் சின்னதாகியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு தெலீதம்மாவுக்கு நேரெதிரே போய் நின்றாள்.

"ஏன் கா அன்னிக்கி கேக்கல?"

நான் குறுக்கே புகுந்தேன். அப்போதெல்லாம் ஏற்பாடு சரியில்லை, கட்டு காலையில்தான் வரும், இதற்காக அக்கா எவ்வளவு தூரம் போராடினார் தெரியுமா என்று தொடங்கினேன்.

"உன்ன கேக்கல சார்" என்றாள் மங்கா.

தெலீதம்மா என்னைக் கையால் விலக்கினார். "கேக்கணும்னு தோணலம்மா" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க. சீக்கிரம் முடிச்சிடலாம்னு பார்த்தேன்."

மங்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாமும் நினைத்தேன். அவள் அதில் எதையும் செய்யவில்லை. கையிலிருந்த துணிப்பையை தெலீதம்மாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். மங்கா இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் அவிழ்ந்திருந்த தலைமுடியை முடிந்துகொண்டாள். பிறகு பையைத் திரும்ப வாங்காமலே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

தெலீதம்மா அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாலடி பின்னால், அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்துபோனார்.